450 ரூபாய்க் கட்டில்: சதர் தெருவின் வரவு செலவு

கொல்கத்தாவின் சௌரங்கி சாலையிலிருந்து இந்திய அருங்காட்சியகத்தின் பக்கச் சுவரை ஒட்டிக் கிழக்கே திரும்பினால் சதர் தெரு. நீளம் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கும் அதை ஒட்டிய ஸ்டூவர்ட் சந்திலும், பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு வாடகையாக இன்று சுமார் 300 முதல் 600 ரூபாய் கேட்கிறார்கள். இருவர் தங்கும் எளிய அறை 800 முதல் 1,500 வரை. துர்கா பூஜை நாட்களிலும் டிசம்பர் கடைசி வாரத்திலும் இது ஏறும். வெயில் காலத்தில் பேரம் பேசலாம். கணக்குக்கு வசதியாக நடுவில் உள்ள 450 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அந்த 450 எதற்கெல்லாம் பிரிந்து போகிறது, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடுபட்ட வரிதான் என்னை இந்தக் கணக்குக்குள் இழுத்தது.

450 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருட்கள் கொஞ்சம்தான்: ஒரு மெத்தை, விரிப்பு, தலையணை, பூட்டிக்கொள்ள ஒரு பெட்டி, பொதுக் குளியலறை. மீதி முழுவதும் இடத்தின் விலை. தெருமுனையில் இருக்கும் அருங்காட்சியகம் 1814இல் ஏசியாட்டிக் சொசைட்டியில் தொடங்கி, 1878 முதல் இந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. வடக்கே ஐந்து நிமிட நடையில் 1874 ஜனவரி முதல் தேதி திறந்த நியூ மார்க்கெட். தெற்கே பார்க் தெரு, மேற்கே மைதானம். தெருவிலேயே 10ஆம் எண் வீட்டில் 1882இல் இளைஞர் இரவீந்திரநாத் தாகூர் அண்ணன் ஜோதிரிந்திரநாத்துடன் தங்கியிருந்தார். அவருடைய கவி வாழ்வின் திருப்புமுனையான ‘நிர்ஜரேர் ஸ்வப்னபங்க’ கவிதை அங்கே பிறந்தது. 13ஏ எண்ணில் 1783இல் கட்டிய ஃபேர்லான் வீடு இருக்கிறது. பல பத்தாண்டுகள் ஒரே குடும்பம் நடத்திய விடுதி அது. 2018இல் எல்ஜின் குழுமத்திடம் போய், இன்று வசதியானவர்களின் ஓட்டலாக நிற்கிறது.

உலகத்தின் பழைய நகர் மையங்களில் இப்படி நடப்பது வழக்கம். ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் பேராலயத்தின் வாசலிலேயே யாத்திரிகர்களுக்காக ஒரு பெரிய தங்குமனை இருக்கிறது. 1499இல் ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் உத்தரவிட்டுக் கட்டியது. கால்நடையாக வந்த ஏழைகள் படுத்த அந்த வளாகம் 1954 முதல் சொகுசு ஓட்டல். நகரத்தின் மையம் விலை ஏறும்போது முதலில் வெளியே தள்ளப்படுவது மலிவான கட்டில்தான். கொல்கத்தாவில் அது இன்னும் முழுவதும் நடந்துவிடவில்லை. சதர் தெருவை மதிக்க வேண்டிய காரணம் இதுவே.

எவ்வளவு நெருக்கத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சதர் தெருவிலிருந்து சில நூறு மீட்டர் வடக்கே, அதே சௌரங்கியில் கிராண்ட் ஓட்டல். அராத்தூன் ஸ்டீஃபன் என்ற ஆர்மீனியர் எழுப்பியது. 1937இல் டைஃபாய்டு பரவி மூடிக்கிடந்ததை, மறு ஆண்டு மோகன் சிங் ஓபராய் குத்தகைக்கு எடுத்தார். அந்தத் தரத்தில் ஓர் அறைக்கு 12,000 ரூபாய் வாடகை என்று வைத்தால், 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 2,160 ரூபாய். அந்த வரிப் பணத்தில் சதர் தெருவில் நான்கு இரவு வரியோடு படுத்து எழலாம். அதற்கு 1,890தான் ஆகும். மீதி 270இல் ஒரு நாள் சாப்பாடும் ஏறக்குறைய முடிந்துவிடும்.

மலிவுக் கட்டிலுக்கே ஒரு வரிக் கதை உண்டு. ஜிஎஸ்டி வந்தபோது ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கை எடுத்துவிட்டு 12 சதவீதம் போட்டார்கள். 450 ரூபாய்க் கட்டில் ஒரே நாளில் 504 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் என்று குறைந்தது. இப்போது அதே கட்டில் 472 ரூபாய் 50 காசு. இரண்டு வரிகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவுக்கு 31 ரூபாய் 50 காசு. இந்த 31.50ஐ மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

சிறிய விடுதிகள் பலவும் இந்த வரி வளையத்துக்குள் வருவதே இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 12 கட்டில் உள்ள ஒரு கூடம் 450 வீதம் 365 நாளும் நிரம்பினால் 19,71,000 ரூபாய். வரம்புக்கு 29,000 குறைவு. ஒரு கட்டில் கூட்டி 13 ஆக்கினால் 21,35,250. நடைமுறையில் எந்த விடுதியும் 365 நாளும் நிரம்பாது. ஆகவே இருபது கட்டில் வரையிலும்கூடப் பதிவில்லாமல் நடத்த முடியும். எங்கே வரி கேட்கிறார்களோ அங்கே பதிவு எண் போட்ட ரசீது கேளுங்கள். ரசீது தராத இடத்தில் வரி கொடுக்க வேண்டியதில்லை.

இணையத்தில் பதிவு செய்தால் இடைத்தரகுத் தளத்துக்கு 15 சதவீதமாவது போகும். 450இல் அது 67.50. மூன்று இரவுக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியும் சரியாக 67.50தான். அரசு மூன்று இரவில் எடுப்பதைத் தளம் ஓர் இரவில் எடுக்கிறது. நேரில் போய்க் கேட்பவருக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் விடுதிக்காரருக்கு லாபம் என்பதற்கு இதுவே காரணம்.

குளிர்சாதனக் கூடத்துக்கு 150 முதல் 200 கூடக் கேட்பார்கள். இரண்டு ஏசி, இரவு பத்து மணி நேரம், சுமார் 30 யூனிட், வணிக மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 270 ரூபாய். 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22.50. இயந்திரத்தின் விலையும் பழுதும் சேர்ந்தாலும் கேட்கும் தொகை அதிகம்தான். ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் அதைக் கொடுக்காமலும் முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மின்விசிறி போதும்.

யார் படுத்தார்கள் இந்தக் கட்டில்களில்? 2ஆம் எண்ணில் சால்வேஷன் ஆர்மியின் ரெட் ஷீல்டு விருந்தினர் இல்லம், ஸ்டூவர்ட் சந்தில் மாடர்ன் லாட்ஜ், பாராகான் ஆகியவை முதுகுப்பை வெளிநாட்டவர் பல தலைமுறையாக அறிந்த பெயர்கள். 1950இல் அன்னை தெரசா தொடங்கிய அன்பின் பணியாளர் சபையில் சில வாரங்கள் தொண்டு செய்ய வருகிறவர்கள் இங்கே தங்கிக்கொண்டு, காலையில் ஏ.ஜே.சி. போஸ் சாலையில் இருக்கும் தலைமை இல்லத்துக்கு நடந்து போவார்கள். அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் 1962இல் வந்தபோது இந்தத் தெருவில் தங்கவில்லை. சாந்தினி சௌக் அருகே அம்ஜாதியா ஓட்டலில் தங்கினார். வங்கக் கவிஞர்களோடு சுற்ற அது தோதாக இருந்தது.

ஆனால் இந்தப் பகுதியின் அடுப்பை எரியவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். சதர் தெரு முடிகிற மிர்சா காலிப் தெருவிலும் மார்க்விஸ் தெருவிலும் வங்கதேசத்தார் தங்குவார்கள். மருத்துவத்துக்கும் கல்யாண ஜவுளிக்கும் குடும்பத்தோடு வருவார்கள். டாக்கா பஸ்கள் அங்கேதான் வந்து நின்றன. நாணயம் மாற்றும் கடைகள், வங்கதேசச் சமையல் ஓட்டல்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஆட்கள் எல்லாம் அவர்களை நம்பியே பிழைத்தன. 2008 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நின்றது. ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறியபின் விசா சுருங்கியது. விடுதிகள் வெறிச்சோடின. ஒரு நாட்டின் அரசியல் இன்னொரு நகரத்தின் கட்டில் வாடகையை இப்படித் தாக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் வேலூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும், வங்காள எழுத்தில் பலகை மாட்டிய லாட்ஜுகள் எத்தனை! மேற்கு வங்கத்து நோயாளி வேலூரில் தேடுவதும், வங்கதேசத்து நோயாளி கொல்கத்தாவில் தேடுவதும் ஒன்றுதான்: மருத்துவமனைக்குப் பக்கத்தில், சமைத்துக்கொள்ள இடமுள்ள, மலிவான ஓர் அறை.

மாதக் கணக்கில் தங்குகிறவர்களுக்கு இந்த நகரம் இன்னொரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தது. மெஸ் பாரி. நமக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் எப்படியோ, அவர்களுக்கு அப்படி. கிராமத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் மாணவர்களும் அறையை வாடகைக்கு எடுக்க மாட்டார்கள்; ஒரு ‘சீட்’ எடுப்பார்கள். ஓர் அறையில் மூன்று, நான்கு தக்தபோஷ் மரக்கட்டில்கள், தலைமாட்டில் தகரப் பெட்டி. சனிக்கிழமை மதியம் ஊருக்கு ரயில் ஏறி, திங்கட்கிழமை காலை திரும்புவார்கள். பழைய ஹாரிசன் சாலை, இன்றைய மகாத்மா காந்தி சாலை, 66ஆம் எண்ணில் பிரசிடென்சி போர்டிங் ஹவுஸ் இருந்தது. துப்பறியும் பியோம்கேஷைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாய் அங்கே தங்கியவர். கவிஞர் ஜீவனானந்த தாசும் அங்கே தங்கியவர். 1953இல் வந்த ‘சாரே சுவாத்தர்’ படம் முழுக்க ஒரு மெஸ்ஸில் நடக்கும் கதை. உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படமும் அதுதான்.

திருவல்லிக்கேணியில் இல்லாத ஒன்று இந்த மெஸ்களில் இருந்தது: பொதுச் சமையலறையும் அதன் கணக்கும். மாதம் ஒருவர் மேனேஜர். சந்தைச் செலவு நோட்டு ஒன்று, யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்ற நோட்டு ஒன்று. மாதக் கடைசியில் முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ‘மீல் சார்ஜ்’. பத்துப் பேர், முப்பது நாள், இரண்டு வேளை என்றால் 600 சாப்பாடு. ஊருக்குப் போன நாட்களைக் கழித்து 540 என்று வைப்போம். சந்தைச் செலவு 27,000 ரூபாய் ஆகியிருந்தால் ஒரு வேளை 50 ரூபாய். 60 வேளை சாப்பிட்டவர் 3,000 கொடுப்பார், சனி ஞாயிறு ஊருக்குப் போய் 44 வேளை சாப்பிட்டவர் 2,200 கொடுப்பார். விருந்தாளி வந்தால் அழைத்தவர் பெயரில் ஏறும். இத்தனை நேர்மையான ஒரு விலை முறையை இன்றைய எந்த விடுதிச் செயலியிலும் நான் பார்க்கவில்லை. எல்லோருக்கும் எல்லாக் கணக்கும் தெரியும். மேனேஜர் பதவி சுற்றி வரும். திருடினால் அடுத்த மாதமே வெளிப்பட்டுவிடும்.

காசு விஷயத்தில் அந்த நகரத்துக்கு இருந்த கூர்மை சாதாரணமானதல்ல. 1953இல் பிரிட்டிஷ் கம்பெனி நடத்திய டிராமில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஜூலை முதல் தேதியிலிருந்து ஒரு பைசா ஏற்றினார்கள். பழைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. அந்த ஒரு பைசாவுக்காக மறியல், வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு வரை போய், உயர்வை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மெஸ்ஸில் சீட் எடுத்துத் தங்கி, டிராமில் இரண்டாம் வகுப்பில் போகும் குமாஸ்தாவுக்கு மாதம் ஐம்பது சவாரி என்றால் ஐம்பது பைசா. அன்றைய ஒரு ரூபாயில் முக்கால் பங்குக்கும் மேல். அற்பக் காசுக்காகவா என்று கேட்பவர்கள் ஏழையின் கணக்கு நோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெஸ் பாரிகள் இப்போது சொற்பம். 1957இல் ஹவுராவிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஊரிலிருந்தே தினமும் வேலைக்கு வந்து போக முடிந்தது. வாடகைச் சட்டத்தின் கீழ் பழைய வாடகை பழைய வாடகையாகவே நின்றதால் கட்டட உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. மாடிப்படி ஆடியது, சுவர் ஊறியது, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். அந்த இடத்தை இன்று தனியார் ‘பிஜி’ விடுதிகள் பிடித்துக்கொண்டன. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அவற்றுக்கு 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மாணவருக்கு நல்லது. மூன்று நாள் தங்கும் பயணிக்குப் பயனில்லை.

சாப்பாட்டுக்கு மெஸ்ஸின் மிச்சமாக பைஸ் ஹோட்டல்கள் என்னும் மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் இன்னும் இருக்கின்றன. பிரசிடென்சி போர்டிங் ஹவுஸுக்காக 1917இல் தொடங்கிய மஹல், கல்லூரித் தெருவை ஒட்டிய பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல், ராஸ்பிஹாரியில் தருண் நிகேதன், ஜான்பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம். கடைசியாகச் சொன்னது சதர் தெருவிலிருந்து நடை தூரம். இங்கே அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது. சோறு தனி விலை, பருப்பு தனி, வறுவல் தனி, மீன் துண்டு தனி. பல இடங்களில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக்காசு. நம் ஊர்க்காரருக்கு இலைக்குக் காசா என்று திகைப்பாக இருக்கும். யோசித்தால், எலுமிச்சை வேண்டாதவர் எலுமிச்சைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சோறு, பருப்பு, ஒரு கறி, ரூயி மீன் என்று 120 முதல் 180 ரூபாய்க்குள் நிறைவாகச் சாப்பிடலாம்.

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மேற்கு வங்க அரசு தொடங்கிய ‘மா’ சமையற்கூடங்களில் சோறு, பருப்பு, காய், முட்டைக் குழம்பு 5 ரூபாய். அரசு ஒரு சாப்பாட்டுக்கு 15 ரூபாய் போடுகிறது என்று அப்போது அறிவித்தார்கள். எட்டு ஆண்டு முன்னதாக, 2013 பிப்ரவரியில், சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. முட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

தோசை இல்லாமல் மூன்றாம் நாள் தாங்காது என்பவர்கள் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் மெட்ரோ ஏறி, பத்து ரூபாயில் காளிகாட்டில் இறங்கி, லேக் மார்க்கெட்டுக்கு நடக்கலாம். பல தலைமுறையாகத் தமிழர் வாழும் பகுதி. முருங்கைக்காய், மல்லிகைச் சரம், ஃபில்டர் காபித் தூள் எல்லாம் கிடைக்கும். கோமள விலாஸ், பிரேம விலாஸ் என்ற பெயர்களைப் பார்த்தாலே பாதிப் பசி அடங்கும்.

இனி மொத்தக் கணக்கு. சென்னையிலிருந்து ஒருவர், மூன்று இரவு. ரயில் தூரம் சுமார் 1,660 கிலோமீட்டர்.

ரயில், படுக்கை வகுப்பு, போக வர: சுமார் 1,400
ரயிலில் சாப்பாடு, இரு வழியும்: 500
கட்டில், 450 வீதம் மூன்று இரவு: 1,350
அதற்கு ஜிஎஸ்டி: 67.50
சாப்பாடு, நாளுக்கு 280 வீதம் (காலையில் கச்சோரி 40, மதியம் பைஸ் ஹோட்டல் 150, இரண்டு மண் கோப்பைத் தேநீர் 20, இரவு ரோல் 70): 840
மெட்ரோ, பஸ், படகு: 180
நுழைவுச் சீட்டுகள்: 250
கூட்டினால்: 4,587 ரூபாய் 50 காசு

இதில் கட்டிலின் பங்கு 31 சதவீதம். ரயிலின் பங்கும் ஏறக்குறைய அதுவே. 1,660 கிலோமீட்டர் ரயில் பயணமும் ஒன்றரை இரவுப் படுக்கையும் ஒரே விலை என்பது இந்திய ரயில்வே தரும் சலுகை. கிலோமீட்டருக்கு 42 காசுதான் ஆகிறது. ஹவுராவில் இறங்கினால் 2024 மார்ச்சில் திறந்த மெட்ரோ இருக்கிறது. ஹூக்ளி ஆற்றின் அடியில் 520 மீட்டரை 45 வினாடியில் கடந்து எஸ்பிளனேடு கொண்டுவிடும். கட்டணம் பத்து ரூபாய். அங்கிருந்து சதர் தெரு கால்மணி நேர நடை. டாக்ஸிக்காரர் கேட்கும் தொகையில் ஓர் இரவு வாடகையே கொடுத்துவிடலாம்.

இன்னும் குறைக்க வேண்டுமா? ராஸ்பிஹாரி அவென்யூவில் பாரத் சேவாசிரம சங்கம், கல்லூரிச் சதுக்கத்தில் அநகாரிக தர்மபாலா நிறுவிய மகாபோதி சங்கம் ஆகியவை யாத்திரிகர்களுக்கு இடம் தரும் அமைப்புகள். கோல்பார்க்கில் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிலையத்தின் விருந்தினர் இல்லம் கட்டிலைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் நூலகமும் அமைதியும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள இலங்கை, மலேசியத் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்கும் கடமை விடுதிக்கு உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத சிறு விடுதிகள் ‘இடமில்லை’ என்று சொல்லிவிடும். முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது விடுபட்ட வரி.

2025 ஏப்ரல் 29 இரவு, படா பஜாரின் மெச்சுவா பகுதியில் ஒரு மலிவு ஓட்டலில் தீப்பிடித்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் கரூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரே குடும்பத்தார்: இரண்டு குழந்தைகளும் தாத்தாவும். தீயில் கருகியவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம். வெளியேறும் வழியும் காற்று வழியும் அடைபட்டிருந்தன என்று விசாரணையில் பேசப்பட்டது. அதற்குப் பதினைந்து ஆண்டு முன், 2010 மார்ச் 23 அன்று, கிராண்ட் ஓட்டலை எழுப்பிய அதே அராத்தூன் ஸ்டீஃபன் கட்டிய பார்க் தெரு ஸ்டீஃபன் கோர்ட்டில் தீப்பிடித்து 43 பேர் மாண்டார்கள். மேலே ஓடியவர்கள் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததால் படிக்கட்டிலேயே விழுந்தார்கள்.

பழைய கொல்கத்தா வீடுகளுக்குப் பதினான்கு அடி உயரக் கூரை, எதிரெதிர்ச் சுவரில் பச்சை மரச்சட்டப் பலகணிகள். காற்று தானாக ஓடும், புகையும் தானாக வெளியேறும். கூடத்தைப் பலகையால் தடுத்து, ஏசிக்காகப் பலகணியை அடைத்து, இரண்டாம் படிக்கட்டின் கீழே மெத்தைகளை அடுக்கிவைக்கும்போது, மூன்று தலைமுறையாகக் கட்டடத்தில் இருந்த பாதுகாப்பு ஒரு சீசன் வருமானத்துக்காக விற்கப்படுகிறது. 450 ரூபாய்க்குள் இந்த விற்பனையும் அடங்கியிருக்கிறது என்பதைக் கட்டண அட்டை சொல்வதில்லை.

அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று பார்ப்போம். 12 கட்டில் விடுதிக்கு மூன்று தீயணைப்பு உருளை, 2,500 வீதம் 7,500. நான்கு புகை எச்சரிக்கைக் கருவி, 1,000 வீதம் 4,000. மின்சாரம் போனாலும் எரியும் மூன்று வழிகாட்டி விளக்கு, 1,500 வீதம் 4,500. மொத்தம் 16,000 ரூபாய். ஆண்டில் 60 சதவீதம் நிரம்பினால் 2,628 கட்டில் இரவுகள். முதல் ஆண்டிலேயே முழுப் பணத்தையும் எடுக்க நினைத்தாலும், ஒரு கட்டிலுக்கு ஓர் இரவுக்கு 6 ரூபாய் 9 காசு. வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது மிச்சமான 31.50இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாம் வழியைத் திறந்துவைப்பதுதான் உண்மையான செலவு. அதற்காக இரண்டு கட்டிலை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் கொடுத்த 5,400 ரூபாயைப் பத்துப் பேர் கொடுக்க வேண்டும்: ஆளுக்கு 540. பத்துக் கட்டிலில் ஏழு ரூபாயாகும் கருவிச் செலவும் சேர்ந்தால் 547. என் கணக்கில் சதர் தெருவில் ஒரு கட்டிலின் நியாய விலை ஏறத்தாழ 550 ரூபாய். 450க்கும் அதற்கும் உள்ள நூறு ரூபாய் இடைவெளியை இப்போது தங்குகிறவர்கள் வேறு விதத்தில் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள். 550 ஆனாலும் அது அருங்காட்சியகத்தின் நிழலில் கிடைக்கும் மலிவுக் கட்டில்தான். ஏழை மாணவரையோ நோயாளியின் குடும்பத்தையோ நகரத்தின் மையத்திலிருந்து விரட்டிவிடாது. மூன்று இரவுப் பயணக் கணக்கில் கூடுவது வரியோடு 315 ரூபாய், மொத்தம் 4,902.50.

கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளோடு போனாலும் தனியாகப் போனாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் மேல்மாடி வரை ஏறிப் பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே, மொட்டை மாடிக் கதவு திறந்திருக்கிறதா, படுக்கையறை சன்னல் கையால் திறக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்புத் துறையின் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போங்கள். அந்தத் தெருவில் அடுத்த விடுதி இருபது மீட்டரில் இருக்கிறது.